முயலுக்கு வியர்க்காது

லூனெபுர்க்கில் நவம்பர். நாலரை மணிக்கே இருட்டு.
ஹென்னிங் ஃபோல்கெர்ட்ஸ் ஒரு மரப்பெட்டியை
ஆய்வக மேசையில் வைத்துவிட்டுக் குடையை உதறினார்.
"தாத்தாவுடையது. பரணில் கிடந்தது.
பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாமா என்று
பார்த்துச் சொன்னால் போதும். எல்லாம் முயல்."

எண்பத்தாறு கண்ணாடித் தகடுகள்.
தாத்தா இந்த ஊரில் நாற்பது வருடம் வைத்தியர்.
சந்தைத் தெருவில் பாதிப் பேருக்கு அம்மை பார்த்தவர்.
ஊசி போட்டால் வலிக்காதாம்.
பின்கட்டில் கூண்டு வைத்து
முயலும் வளர்த்தாராம்.

சீட்டுகளில் ஊதா மை, கோணாத எழுத்து:
முயல் 17. இடது. மூன்றாம் நாள்.
முயல் 17. இடது. ஒன்பதாம் நாள்.
முயல் 17. வலது. முதல் நாள்.

ஜெர்மனில் முயலுக்குச் செல்லப்பெயர்தான் பெயர்.
சொல்லின் வாலில் ஒரு 'குட்டி' ஒட்டியிருக்கும்.
மொழி வகுப்பில் படித்தபோது
எனக்குப் பிடித்திருந்தது.

திசுவைச் சீவுவதும் சாயம் ஏற்றுவதும் என் வேலை.
இருபத்திரண்டு வருடமாக
யாருடையது என்று கேட்காத கண்.
நல்ல கை, தாத்தாவுக்கு. சாயம் இன்னும் மங்கவில்லை,
ரோஜா நிறத் தசை, நீலப் புள்ளிகளாய்க் கருக்கள்.
'பள்ளிக்குத் தரலாம்' என்று எழுதப்
பேனா மூடியைக் கழற்றியாயிற்று.

அப்புறம்தான் தகட்டைத் தோல் பக்கம் நகர்த்தினேன்.
கொழுப்பின் விளிம்பில்
சுருட்டி வைத்த நூல்கண்டு மாதிரி
ஒரு வியர்வைச் சுரப்பி.
பக்கத்தில் இன்னொன்று.
இன்னொன்று.

முயலுக்கு வியர்க்காது.
உதட்டோரம் ஏதோ கொஞ்சம், அவ்வளவுதான்.
காதை விரித்துச் சூட்டை ஆற்றிக்கொள்ளும் பிராணி.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்போம்,
பிடிவாதக்காரரைக் கேலி செய்ய.
இவர் பிடித்த முயலுக்கு
இரண்டே கால்.
இடது. இடது ஆனபின் வலது.

ஃபுர்ஸ்டன்பெர்க் ஏரிக்கு அக்கரையில், பெண்கள் முகாமில்,
காலைக் கீறிக்
கிருமியும் மரத்தூளும் கண்ணாடித் தூளும் வைத்து
மருந்து கேட்கிறதா என்று பார்த்தார்கள்.
சிலருக்கு மருந்தே இல்லை,
ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே.
போலந்துப் பெண்கள். கட்டுப்போட்ட காலோடு
தாவித் தாவிப் போனார்கள், அதனால் அந்தப் பெயர்.
அவர்களே தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டார்கள்.
இதெல்லாம் படித்திருக்கிறேன்.
படித்தது வேறு.

ஒன்பதாம் நாள் தகட்டில், சீழுக்கு நடுவே,
ஒரு மரச் சிராய்
தன் அறைகளோடு, சுவர்களோடு,
ஜன்னல் ஜன்னலாக அப்படியே இருந்தது.
மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதினேழுக்கு ஒரு பெயர் என் வாய்வரை வந்தது.
விழுங்கினேன்.
இன்னொரு சீட்டு ஒட்ட நான் யார்?
அவளுக்கு வியர்த்தது, அது நிச்சயம்.
உருளைக்கிழங்கு தோண்டும்போதோ
ரயிலைப் பிடிக்க ஓடும்போதோ
காலுறைக்குள் நசநசவென்று வியர்த்து
எரிச்சலாகக்கூட இருந்திருக்கும்.

தகட்டின் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை, ஈரமாக.
துடைக்கத் துணியை எடுத்து
அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்குத் தொலைபேசி.
"நன்றாக இருக்கிறதா?"
நன்றாக இருக்கிறது என்று வாய் சொல்லிவிட்டது.
சாயத்தைச் சொன்னேன்.
"நாளை வாருங்கள், ஹென்னிங். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு."

மறுமுனையில் மழை. ஒரு கார் கடந்து போனது.
"முயல் இல்லையா?" என்றார்.
கேட்ட வேகத்திலேயே தெரிந்தது,
கேள்வி புதிதில்லை.
பரணில், பெட்டிக்குப் பக்கத்தில்
இத்தனை வருடமும்
அதுவும் கிடந்திருக்கிறது.